அம்பேத்கர் எல்லோருக்கும் பொது, அவரது தமிழ்?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் தோழர்கள் நடத்தும் மாலைப் படிப்பகங்களில் பாதிப் பாடம் செல்போனில்தான் ஓடுகிறது. கூகுளில் கிடைத்த படம், யூடியூபில் வெட்டிய துண்டு, அடியில் 'நன்றி: இணையம்'. அதையே பிடிஎஃப் ஆக்கி, 'யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம்' என்று பொதுவில் விடும்போதுதான் சிக்கல்.

கல்வியைப் பூட்டி வைத்த நாட்டில் நாம் ஏன் பதிப்புரிமை பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. சட்டமும் முழுக்க நமக்கு எதிரி அல்ல. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்கச் சட்டப்பிரிவு 52 இடம் தருகிறது என்று சொல்லி, 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத்தொகுப்புகளுக்கு வழிவிட்டது. ஆனால் பாடத்துக்கு நகலெடுப்பது வேறு, ஊருக்கே உரிமம் கொடுப்பது வேறு. நம்மிடம் இல்லாத உரிமையை நாம் எப்படிப் பிறருக்குத் தருவது?

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் எடுக்கும் பறையாட்டக் காணொளிக்குப் பின்னால் ஒரு கலைஞர் இருக்கிறார். பெயர் போடாமல் உழைப்பை எடுத்துக்கொள்வதை நாமே செய்யலாமா? 'நன்றி: இணையம்' என்பதில் அவர் எங்கே இருக்கிறார்?

அம்பேத்கருக்கே வருவோம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. அவர் இறந்தது 1956இல். ஆக அவர் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் 2017 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. மொழிபெயர்ப்புக்கோ தனி உரிமை உண்டு. ஜப்பார் படேல் படத்தின் காட்சிகளுக்கும் அப்படித்தான். அதாவது ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு அம்பேத்கர் திறந்திருக்கிறார், தமிழ்வழியில் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பாதிதான். ஒன்றிய அரசின் அம்பேத்கர் பவுண்டேஷன் கொண்டுவந்த தமிழ்த் தொகுப்பு மக்கள் பணத்தில் உருவானது. அதைத் திறந்த உரிமத்தில் விடச் சொல்லி நாம் ஏன் இன்னும் உரத்துக் கேட்கவில்லை? எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் தமிழ்நாட்டில் இது ஒன்றும் கேட்டறியாத கோரிக்கை அல்ல.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 'சாதி ஒழிப்பு' 1936இல் வந்த நூல், 26 பிரிவுகள், பல சில பக்கங்கள்தான். என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் ஆளுக்கு ஒரு பிரிவு எடுத்து ஆங்கில மூலத்திலிருந்து புதிதாகத் தமிழாக்கி, பெயரோடு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாம். முதல் பிரிவை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதி 25.