“கோழிக்குத் தீன் போட்டீங்களோ?”

இந்த வாரம் எங்கள் பொது மண்டபத்தில் தன்னம்பிக்கைப் பேச்சு ஒன்று நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் குரல் வளத்தோடு பேசினார். எழுவேன் என்று நினைத்தால் எழுவீர்கள் என்றார், கைதட்டலும் வாங்கினார். சனம் கலையும்போது ஊர்ப் பெரியம்மா ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “நினைக்கத்தானே தம்பி அப்ப ஏலாமக் கிடந்தது.”

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கால் முறிந்தவனை ஓடச் சொல்கிற பேச்சு அது. மனச்சோர்வு முதலில் தின்றுவிடுவதே அந்த ‘எழுவேன்’ என்ற நினைப்பைத்தான்.

பேச்சாளர் கிடக்கட்டும். பெரியம்மா எழும்பிய கதையைச் சொல்கிறேன்.

2009இல் அவரது மகன் காணாமல் போனான். சடங்கு செய்யவும் மனம் துணியாது, காத்திருப்பை நிறுத்தவும் முடியாது. இந்த நிலையைப் பற்றி யாழ்ப்பாணத்து உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வருகிறார். 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’, 2014இல் ‘ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்’ என்ற நூல்கள் வந்தன. போரில் தனி ஆள் மட்டும் காயப்படுவதில்லை, குடும்பமும் அயலும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்கிறார் அவர். அப்படியானால் குளிசையோடு அயலும் சேர்ந்துதான் ஆளைத் தூக்கிவிட வேண்டும்.

மீள்குடியேறி வந்த காலத்தில் பெரியம்மா ஓடியாடித்தான் திரிந்தார். வீட்டுத்திட்ட வீடு கட்டி முடிந்த பிறகுதான் படுத்தார். தலை வாரவில்லை, அடுப்பு மூட்டவில்லை. சோம்பல் என்றார்கள் சிலர், செய்வினை என்றார்கள் சிலர். மருமகள்தான் ஆசுபத்திரி உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். குளிசை தொடங்கியது. நித்திரை வந்தது. ஆனாலும் பாயை விட்டு எழும்பவில்லை.

பிறகுதான் உளசமூக உத்தியோகத்தர் ஒரு பிள்ளை வீட்டுக்கு வரத் தொடங்கினார். முந்தி என்ன செய்து திரிந்தீர்கள் என்று கேட்டார். “கோழி வளர்த்தனான்.” அயலில் ஒரு பேடு வாங்கிக் கொடுப்பித்தார். காலை ஏழு மணிக்கு ஒரு சிரட்டை குருணல் போட வேண்டும். மனம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. போட்ட நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளடி. போடாத நாட்களும் வந்தன. அதற்கு ஏச்சில்லை, வேலைதான் இன்னும் சின்னதாகியது. கூட்டைத் திறந்துவிட்டால் போதும் என்றார். மனம் எப்படி இருக்கிறது என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் கேட்டதில்லையாம். “கோழிக்குத் தீன் போட்டீங்களோ?” இதுதான் கேள்வி. கோழி முட்டையிட்டது. முட்டை கொடுக்கப் பக்கத்து வளவுக்குப் போக வேண்டி வந்தது. போன இடத்தில் இருந்து கதைக்க வேண்டி வந்தது. ஆசை என்ற ஒன்று வந்தது அதற்கும் பிறகுதான்.

இது கைவைத்தியம் இல்லை. மனம் வரும்வரை காத்திராமல் செயலை முதலில் தொடங்கிவைப்பது நன்கு ஆராயப்பட்ட சிகிச்சை. 1996இல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சன் குழுவினர், எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சைக்கு இது தனியாகவே ஈடு கொடுக்கிறது என்று காட்டினார்கள். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் சாதாரண ஆட்களுக்கே இதைப் பழக்கி, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் செய்வித்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள்; இது கிடைக்காதவர்களில் 39 பேர்தான். ஆய்வில் சேர்ந்த எல்லாரும் கடுமையான சோர்வில் இருந்தவர்கள்.

எங்கள் மல்லாவியிலும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் அந்தப் பிள்ளையை அனுப்பிய திட்டம் காசு முடிய நின்றுவிட்டது. அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாண்டியன்குளம் பக்கத்திலும் துணுக்காய்ப் பக்கத்திலும் அடுப்பு மூட்டாத வீடுகள் இருக்கின்றன. வீடு வீடாய்ப் போகிற இந்த வேலைக்கு நிரந்தர நியமனமும் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசும் வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் இதைத்தான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதுவரைக்கும் 1926 என்ற தேசிய உளநல உதவி எண் இருக்கிறது. கோல் எடுக்கவே ஏலாமல் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுத்துக் கையில் கொடுங்கோ.