பழைய குழலும் புதிய சந்தையும்

நீர்வேலியில் வாழைத்தோட்டஞ் செய்யும் அன்பர் ஒருவர் சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை எம் இல்லத்துக்கு வந்தார். வழக்கமாக அவர் வரும்போது கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம் இருக்கும். அன்று கைத்தொலைபேசி ஒன்றே இருந்தது. திண்ணையில் அமருமுன்னரே அதை எம்மிடம் நீட்டி, "அண்ணை, இந்தக் குழலை வாங்கலாமோ? நாளைக்குள் காசு போடாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம்" என்றார்.

அவருடைய மூத்த மகள் புல்லாங்குழல் பயில்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் சங்கீதப் பரீட்சைக்குத் தோற்றவேண்டியவள். அவள் வாசித்துவந்த குழல் யன்னலோரத்தில் வெயிலிற் கிடந்து நீளப் பிளந்துவிட்டது. பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். கொழும்புப் பக்கத்து விற்பனையாளர் ஒருவர், உறையுடன் கூடிய ஐந்து குழல்களை மிகக் குறைந்த விலைக்கு விற்பதாக இணையத்தில் விளம்பரஞ் செய்திருந்தார். முழுப் பணத்தையும் முதலில் வங்கிக் கணக்கில் இடவேண்டும் என்பது நிபந்தனை. அன்பர் இடவிருந்த பணமோ அந்த வாரம் வாழைக்குலை விற்ற பணம்.

எமக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய வடு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சகோதரியின் மகனுக்காக இதே வழியில் ஒரு குழலுக்கு முற்பணம் அனுப்பினோம். வந்து சேர்ந்த பொதியை அவிழ்த்தால், கோயில் திருவிழாக் கடைகளில் தொங்கும் விளையாட்டுக் குழல் ஒன்று சிரித்தது. விற்றவரின் தொலைபேசி அன்றோடு ஊமையாயிற்று. கோபத்தில் அவருடன் பரிமாறிய செய்திகள் யாவற்றையும் நாமே அழித்தும்விட்டோம். அஃது எத்துணைப் பெரிய மடமை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

"தம்பி, காசு எங்கும் ஓடிவிடாது. முதலில் பொருளைப் பார்ப்போம்" என்று அவரை இருத்தினோம்.

குழலைப் பார்த்து வாங்குங் கலை நம்மவர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் குழலின் இலக்கணத்தை விரித்துரைக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினாலும் குழல் செய்யலாம் என்றும், அவற்றுள் மூங்கிலே உத்தமம் என்றும் அவர் கூறுவர். இளமையும் முதுமையும் இல்லாத மூங்கிலைத் தேர்ந்து வெட்டி, நிழலிலே ஆறவிட்டு, முறுக்குதலும் பிளத்தலும் இல்லை என்பதை அறிந்து, ஓராண்டு கழிந்த பின்னரே துளையிடவேண்டும் என்பது அவர் காட்டும் முறை. 1892இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையைப் பதிப்பித்திராவிடில் இச்செய்தி நமக்கு எட்டியிராது. முறுக்கு, பிளவு என்னும் அவ்விரண்டு குற்றங்களே இன்றும் பழைய குழல் வாங்குவோன் முதலிற் பார்க்கவேண்டியவை. மூங்கில் எப்பொழுதும் நார் ஓடும் வழியே நெடுக்காகத்தான் பிளக்கும். மயிரிழை போன்ற பிளவும் காற்றைக் கசியவிட்டு, கீழ்த்தாயி ஒலியைக் கரகரப்பாக்கிவிடும்.

குழலின்மேல் வண்ணநூல் சுற்றியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்கு மட்டுமன்று, மூங்கில் பிளவாதிருக்கவும் அது காப்பு. ஆயினும் அக்காப்பே சிலவேளை திரையாகிப் பிளவை மறைக்கும். மெழுகும் பசையும் இட்டு அடைத்து, மேலே புதுநூல் சுற்றி விற்போரும் உளர். பழங்குழலில் நூல்மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. அடுத்து, உளு. மூங்கிலின் மாப்பொருளைத் தின்னும் வண்டு குண்டூசித் தலையளவு துளையிட்டு உள்ளே குடியிருக்கும். வெள்ளைத் துணியின்மேல் குழலைத் தட்டினால் மாப்போன்ற தூள் உதிருமாயின், அக்குழலை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஏனைய குழல்களையும் அது கெடுத்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியம் ஊதுதுளையின் விளிம்பு. வாயினின்று வரும் காற்று அவ்விளிம்பில் மோதிப் பிளவுபடுவதனாலேயே நாதம் பிறக்கிறது. அங்கே ஒரு சிறு சிதைவு இருப்பினும் ஊதுபவர் மூச்சு வீணாகும். விளம்பரப் படங்களில் குழலின் முழுநீளம் அழகாகத் தெரியும், ஊதுதுளை மட்டும் தெரியாது. ஆதலால் அதனை அண்மையிற் பிடித்த படம் வேண்டுமென்று கேட்கவேண்டும்.

காற்றுக் கசிவை அறிய எளிய வழி ஒன்றுண்டு. எட்டாந் துளையையும் திறந்த முனையையும் ஒட்டுநாடாவால் மூடி, ஏனைய துளைகளை விரல்களால் அடைத்துக்கொண்டு, ஊதுதுளையில் உதட்டை வைத்து உள்ளே இழுத்துப் பார்க்கலாம். உதடு பற்றிக்கொள்ளுமாயின் குழல் திடமானது. இழுக்க இழுக்கக் காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை உண்டு.

இனிச் சுருதி. இங்கேதான் நம் பிள்ளைகள் பெரிதும் ஏமாறுகிறார்கள். விற்பவர் வஞ்சகர் அல்லாதவிடத்தும் இவ்வேமாற்றம் நேரும். கருநாடக இசைக்குரிய குழலில் ஊதுதுளை நீங்கலாக எட்டுத் துளைகள் உண்டு. வட இந்தியரின் பான்சுரிக்கு ஆறு அல்லது ஏழு. நம் முறையில் மேலிரு துளைகளை மூடச் சட்சம் பிறக்கும். அவர்கள் முறையில் மூன்று துளைகளை மூடவேண்டும். ஆகவே 'ஜி' என்று எழுதிய பான்சுரியை வாங்கி, ஐந்து கட்டை என்று நம்பி நம் விரலடைவில் வாசித்தால், சட்சம் ஒரு முழுச்சுரம் ஏறி ஆறு கட்டையில் நிற்கும். பிள்ளை அழும், ஆசிரியர் சினப்பார், விற்றவரோ தாம் எழுதியது சரியென்று சாதிப்பார். அவர் சொல்வதும் ஒருவகையில் உண்மைதான்! எத்தனை துளை, எவற்றை மூடினால் சட்சம் என்று எழுத்திற் கேட்டு வாங்கிக்கொண்டால் இந்த வழக்குக்கே இடமில்லை.

விற்பவரை ஒரு சுருதிப்பெட்டியின் ஒலியோடு ஆரோகண அவரோகணம் வாசித்து வீடியோ அனுப்பச் சொல்லலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றுச் சூடேறினால் குழலின் சுருதியும் ஏறும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கு உயர்ந்துவிடும். நுவரெலியாவின் விடியற்குளிரிற் சரியாக நின்ற குழல், நீர்வேலி நண்பகலிற் கூர்ந்து ஒலிப்பதற்குக் குழல் பொறுப்பன்று. கைத்தொலைபேசியின் சுருதிமானி சிறிது விலகிக் காட்டியவுடனே குழலைக் குற்றஞ்சாட்டிவிடலாகாது. சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா என்பதே பார்க்கத்தக்கது.

பழைய குழல் ஏன், புதியது வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. மூங்கிற் குழல் வீணையைப்போல் பெரும் பொருட்செலவுடையதன்று. முதன்முதல் ஊதப் பழகும் சிறுவனுக்குச் சாதாரணப் புதுக்குழலோ, பி.வி.சி. குழாயிற் செய்ததோகூடப் போதும். பிந்தியது வெயிலிலும் பிளவாது. நாதம் சற்று வறண்டிருக்கும் என்பதே குறை. ஆனால் நல்ல வித்துவான் ஒருவர் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டு வாசித்த குழல் கிடைக்குமாயின் அது வேறு சங்கதி. மழையும் கோடையும் கண்டு, திரும்பாமலும் பிளவாமலும் நின்ற மூங்கில் தன் தரத்தைத் தானே நிறுவிவிட்டது. கண்பார்வை இழந்த கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைக் கச்சேரி மேடையில் ஏற்றினார். மாலி எனப்பெற்ற டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) அதில் வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழைத்தார். அவர் மாணவர் என். ரமணி (1934–2015) அம்மரபை வளர்த்தார். இவர்களுடைய கருவியெல்லாம் விசையோ சாவியோ இல்லாத வெறும் மூங்கில்தான். மேனாட்டு உலோகக் குழல் வாங்குவோர் பாடு இதனினும் கடினம். 1847இல் தியோபால்டு போம் அமைத்த முறையில் வந்த அக்கருவியில் ஒவ்வொரு சாவியின்கீழும் ஒரு மெத்தை உண்டு. அது நைந்திருந்தால் திருத்துங் கூலி வாங்கிய விலையை விழுங்கும். தேர்ந்த ஒருவர் கையிற் கொடுத்துப் பாராமல் அதனை வாங்குவது வேண்டாம் என்பதே எம் கருத்து.

நீர்வேலி அன்பரின் விளம்பரத்துக்கு வருவோம். அப்படத்தை இணையத்திலேயே இட்டுத் தேடினோம். அதே ஐந்து குழல்கள், அதே விரிப்பு, அதே நிழலோடு, வேறொரு நாட்டுக் கடையின் பக்கத்தில் இருந்தன. ஒருவேளை சோம்பலினால் பிறர் படத்தை எடுத்திருக்கலாமே என்று எண்ணி, "ஒரு தாளில் நீர்வேலி என்றும் இன்றைய திகதியும் எழுதிக் குழலருகே வைத்துப் படம் பிடித்து அனுப்புங்கள்" என்று எழுதுவித்தோம். "நம்பிக்கை இல்லாவிட்டால் வாங்கவேண்டாம்" என்று மறுமொழி வந்தது. சற்றுநேரத்தில் ஓர் இணைப்பும் வந்தது. கூரியர் கட்டணத்தைமட்டும் அதன்வழி வங்கி அட்டையாற் செலுத்திப் பொருளை ஒதுக்கிக்கொள்ளலாமாம். அதைத் தொடவேண்டாம் என்று தடுத்தோம். அத்தகைய இணைப்பில் அட்டை இலக்கத்தை எழுதி, பின்னர்த் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் எழுதினால், போவது கூரியர் கட்டணத்தோடு நில்லாது. மறுநாள் விளம்பரமே மறைந்துவிட்டது.

பொருள் கைக்கு வந்தபின் பணங் கொடுப்பதே பாதுகாப்பு என்பர் பலர். முன்னாளில் புத்தகங்களை வி. பி. பி. அஞ்சலில் தருவித்தோமே, அதுபோன்றதுதான். ஆயினும் பொதியைத் திறக்குமுன் பணத்தைக் கொடுக்கவேண்டியிருப்பின் உள்ளே இருப்பது குழலா கரும்பா என்பது எவ்வாறு தெரியும்? திறந்து பார்க்க இடந்தருவார்களா என்று முன்னரே கேட்டு, திறப்பதை வீடியோவாகப் பிடித்துக்கொள்ளலாம். இவை யாவற்றிலும் மேலானது நேரிற் காண்பதே. யாழ்ப்பாணத்தில் எந்தக் குடும்பத்துக்குத்தான் வெள்ளவத்தையில் ஓர் உறவினர் இல்லை?

சட்டம் நமக்கு முற்றிலும் துணையில்லை என்று எண்ணிவிடலாகாது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வருணித்து விற்கும் பொருள் அவ்வருணனைக்கு இசைந்திருத்தல் வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கற் சட்டத்தின்படி, ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்னுங் காரணத்துக்காகமட்டும் அதன் செல்லுபடி மறுக்கப்படாது. எனவே வட்ஸப்பில் வந்த நான்கு வரியும் பத்திரமே. நாம் அன்று அழித்தது எதை என்பது இப்போது விளங்கும். வியாபாரி ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். இணைய மோசடியாயின் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 உண்டு. ஆனால் பணம் பறிபோனது தெரிந்த நிமிடமே வங்கிக்குத் தெரிவித்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகவேண்டும், பொலிசுக்கும் அப்படியே.

இரண்டு வாரம் கழிந்து வேறொரு விளம்பரம் அகப்பட்டது. விற்பவர் முதியவர். விரல்கள் விறைத்துப்போனமையால் வாசிப்பை விட்டவர். ஐந்து கட்டைக் குழல், எட்டுத் துளை என்று தாமே எழுதியிருந்தார். கேளாமலே இன்னொன்றும் எழுதியிருந்தார். கடைசித் துளைக்கு அப்பால் நூற்கட்டின்கீழ் மயிரிழைப் பிளவொன்று பல ஆண்டாக உண்டு என்பதே அது. அன்பர் தயங்கினார். "குற்றமுள்ள பொருளையோ வாங்குவது, அண்ணை?" என்றார். நாம் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னோம். எட்டாந் துளையை வாசிப்பவர் மூடுவதேயில்லை, ஆதலால் அதற்குக் கீழேயுள்ள கசிவு நாதத்தைத் தொடாது, பிளவு மேலே ஏறாதபடி கட்டுமட்டும் இறுக்கமாக இருக்கவேண்டும் என்றார் ஆசிரியர்.

வெள்ளவத்தையிலுள்ள அன்பரின் மச்சான் ஒரு ஞாயிறன்று அம்முதியவர் வீட்டுக்குப் போனார். தொலைபேசியில் படத்தோடு பேசிக்கொண்டே ஆசிரியர் இங்கிருந்து ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் செய்தார். முதியவரின் நடுங்கும் விரல்களால் அரை ஆவர்த்தனம்கூட ஒழுங்காக வரவில்லை. ஆயினும் ஒலி வந்தது, நல்ல ஒலி. பேரம் பேசவேண்டாம் என்று பிள்ளை தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். பணம் அங்கேயே கைமாறிற்று. பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கப்பட்டது. அதை முதியவர் தவறாக எண்ணவில்லை, தாமே திகதியும் இட்டுக் கொடுத்தார்.

இரவுப் பேருந்தில் வந்த குழலை விடியற்காலை அன்பர் தாமே யாழ்ப்பாணம் போய் எடுத்துவந்தார். ஊதுதுளையை மதுசாரந் தோய்ந்த துணியால் துடைத்து, உள்ளே சிறிது நல்லெண்ணெய் தடவி, ஒருநாள் நிழலில் வைத்தார்கள். ஐப்பசி மழைக்கு முன் நூற்கட்டைப் புதுப்பிக்கவேண்டும். பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பழைய வேட்டித் துணியில் தாயார் உறையொன்று தைத்துவிட்டார். யன்னலோரத்தில் இப்போது எதுவும் வைப்பதில்லையாம்.