எய்தவன் இருக்க...

2007ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து நாசோ கொலிசியம் அரங்கில் ஐலண்டர்ஸ் அணிக்கும் ரேஞ்சர்ஸ் அணிக்கும் பனித்தள ஹாக்கி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரேஞ்சர்ஸின் ரயன் ஹோல்வெக், ஐலண்டர்ஸின் கிறிஸ் சைமனைப் பக்கச் சுவரோடு மோதித் தள்ளினார். எழுந்து நின்ற சைமன், தன் மட்டையை இரு கைகளாலும் பற்றி ஹோல்வெக்கின் முகத்தை நோக்கி வீசினார். அடி தாடையில் விழுந்தது. சற்றே கீழிறங்கிக் கழுத்தில் பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அவருக்கு 25 ஆட்டங்கள் தடை விதித்தது. அப்பருவத்தில் எஞ்சியிருந்த 15, தொடர்ந்து வந்த பிளேஆஃப் சுற்றின் 5, அடுத்த பருவத் தொடக்கத்தின் 5 எனக் கணக்கு முடிந்தது. அப்போது சைமனுக்கு வயது 35. தடை பாதியில் நிற்கையிலேயே அவருடைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அவரை ஐலண்டர்ஸ் மீண்டும் எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதே அன்று எழுந்த கேள்வி.

கழகம் அவருக்கு மேலும் ஓராண்டு ஒப்பந்தம் அளித்தது. அளித்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அன்று "கூடாது" என்று கூவியவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அவர்கள் சைமனை வெறுத்ததால் அப்படிச் சொன்னார்கள். சைமன் என்ற மனிதர் பொருட்டே கூடாது என்பது என் வாதம்.

*

நம்மில் பலருக்கு ஹாக்கி என்றால் தயான்சந்தும் புல்தரையும்தான். ஆகவே ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. பனித்தள ஹாக்கியில் உடலால் மோதித் தடுப்பது விதிக்கு உட்பட்டது. இருவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச்சண்டை இட்டாலும் என்.எச்.எல்லில் ஐந்து நிமிடம் ஒதுங்கி உட்கார்ந்தால் போதும், மீண்டும் ஆடவரலாம். ஒலிம்பிக் ஹாக்கியிலோ சண்டையிட்டவன் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஒரே ஆட்டம்தான், ஒன்றில் சண்டை குற்றம், மற்றொன்றில் அது கட்டணம் செலுத்திப் பெறும் சலுகை.

இந்தச் சலுகையிலிருந்து பிறந்ததே 'என்ஃபோர்சர்' என்னும் பதவி. தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அடியாள். அணியின் கோலடிக்கும் நட்சத்திரத்தை எவனாவது முரட்டுத்தனமாகத் தொட்டால், இவர் சென்று அவனோடு கைகலக்க வேண்டும். கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கும். ஆட்டம் முடிந்ததும் நட்சத்திரம் நேர்காணலுக்குச் செல்வார். இவர் கைவிரல் வீக்கத்துக்குப் பனிக்கட்டி வைத்துக்கொள்வார்.

சைமன் வெறும் கைமுட்டி அல்லர் என்பதை அவரைப் பழித்தவர்கள் மறைத்தார்கள். 1996இல் கொலராடோ அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றவர். 1999-2000 பருவத்தில் வாஷிங்டனுக்காக 29 கோல் அடித்தவர். அது தேர்ந்த முன்கள ஆட்டக்காரர்கள் பலருக்கும் வாய்க்காத எண்ணிக்கை. என்.எச்.எல்லில் மொத்தம் 782 ஆட்டங்கள், 144 கோல்கள். ஆயினும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண் மற்றொன்று: 1,824 தண்டனை நிமிடங்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் அவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைப் புனிதராக்கும் நோக்கமும் எனக்கில்லை. 1997இல் கறுப்பின ஆட்டக்காரர் மைக் கிரியரை இனவசை கூறியதற்காக 3 ஆட்டங்கள் தடை பெற்றவர்தான் அவர். அதன் பின்னும் தடைகள் தொடர்ந்தன. ஹோல்வெக் மீது விழுந்த அடி முதல் அடியன்று. அதை அறிந்தேதான் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை வேலைக்கு வைத்தன. அறிந்தும் வைத்தன என்பதைவிட, அறிந்ததனாலேயே வைத்தன என்பது பொருந்தும்.

*

மீண்டும் ஒப்பந்தம் செய்யலாம் என்றவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: தண்டனை அனுபவித்தாயிற்று; அதற்கு மேலும் ஒருவனுடைய பிழைப்பைப் பறிப்பது நியாயமா? இவ்வாதத்தின் அடியிலுள்ள அறத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒருவனுக்கு வேலை தருவதும், எந்த வேலை அவனைக் குற்றத்தில் தள்ளியதோ அதே வேலைக்கு அவனைத் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. வண்டி ஓட்டுகையில் நினைவிழந்த ஓட்டுநருக்கு மாற்றுப்பணி கொடுப்பார்களே தவிர, விடுப்பு முடிந்ததும் மீண்டும் சக்கரத்தைக் கையில் கொடுக்கமாட்டார்கள். அதைக் கருணையின்மை என்று எவரும் சொல்வதில்லை.

இரண்டாம் வாதம்: ஹோல்வெக்கின் மோதலில் சைமனின் தலையில் அடிபட்டிருந்தது, அவர் தன்னினைவில் இல்லை. சைமனே அப்படித்தான் கூறினார். தம் செயலுக்கு ஹாக்கியில் இடமில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அவருக்கு ஆதரவாக வைக்கப்பட்டவற்றுள் மிக வலுவானது இதுவே. வலுவானது என்பதனாலேயே இதைச் சொன்னவர்கள் இதன் முடிவு வரை சென்றிருக்க வேண்டும். தலையில் ஓர் அடி விழுந்தவுடன் தான் செய்வது என்னவென்று அறியாத நிலைக்கு ஒரு மனிதர் போய்விடுகிறார் என்றால், நாள்தோறும் தலையில் அடிவாங்குவதையே தொழிலாகக் கொண்ட வேலையை 35 வயதில் அவருக்கு மீண்டும் எப்படிக் கொடுப்பது? குற்றத்தைக் குறைக்கப் பயன்பட்ட மருத்துவக் காரணம், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது மட்டும் எங்கே மறைந்தது? அடிபட்ட தலை என்பது உண்மையானால் அவருக்கு வேண்டியது மருத்துவர். அது உண்மையில்லையானால் மன்னிக்கக் காரணமில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் மீண்டும் களத்தில் இறக்குவதற்கு வழியில்லை.

மூன்றாம் வாதம் விசுவாசம். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அன்று ஐலண்டர்ஸின் பயிற்சியாளர் டெட் நோலன், சைமனைப் போலவே ஒஜிப்வே என்னும் முதற்குடியைச் சேர்ந்தவர். பதின்ம வயதின் இறுதியில் குடியில் மூழ்கிக்கொண்டிருந்த சைமனை இளையோர் அணியில் சேர்த்து, அதிலிருந்து மீள உதவியவர் அவரே. அப்படிப்பட்ட ஒருவர் தம் பழைய மாணவரைத் தெருவில் விடமாட்டேன் என்று நின்றால், அதில் பெருமை உண்டு. ஆனால் சம்பளம் கொடுப்பவர் நோலன் அல்லர், கழகம். தனிமனிதரின் பாசத்தைக் கழகம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளக் கூடாது. கழகத்துக்கு உண்மையிலேயே விசுவாசம் இருந்திருந்தால் வழிகள் பல இருந்தன. இளம் ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாக அவரை நியமித்திருக்கலாம். முதற்குடிச் சிறுவர்களிடையே ஹாக்கியைக் கொண்டுசெல்லும் பொறுப்பைத் தந்திருக்கலாம். மருத்துவச் செலவை ஏற்று ஓராண்டு ஓய்வு அளித்திருக்கலாம். இவற்றில் எதற்கும் கைமுட்டி தேவையில்லை.

நான்காம் வாதம்: அடியாள் இருந்தால்தான் மற்றவர்கள் பாதுகாப்பாக ஆட முடியும். இதன் விடை 2004ஆம் ஆண்டில், அதே மார்ச் 8ஆம் நாளில் இருக்கிறது. வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நஸ்லுண்டை அதற்கு முந்தைய மாதம் கொலராடோவின் ஸ்டீவ் மூர் மோதியிருந்தார். அதற்குப் பழிதீர்க்க வான்கூவரின் டாட் பெர்ட்டூசி பின்னாலிருந்து மூரைத் தாக்கி வீழ்த்தினார். மூரின் கழுத்தெலும்புகள் முறிந்தன. அவர் பிறகு ஒருபோதும் தொழில்முறை ஹாக்கி ஆடவில்லை. பழிக்குப் பழி பாதுகாப்பைத் தரும் என்ற கோட்பாட்டின் விளைச்சல் இதுதான். அன்றியும், ஹோல்வெக் மோதியது ஐலண்டர்ஸின் மென்மையான நட்சத்திரம் எவரையுமல்ல, அந்த அடியாளையேதான். எவரைக் கண்டு எதிரி அஞ்சுவான் என்று கூலி கொடுத்தார்களோ, அவர் மீதே எதிரி மோதினான். அப்புறம் எங்கே அச்சம், எங்கே பாதுகாப்பு?

*

எதிர்க்கட்சியினரையும் விட்டுவிடக் கூடாது. "மிருகம், ஆயுள் முழுதும் தடை செய்" என்பது அவர்கள் முழக்கம். இதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாஸ்டனின் மார்ட்டி மெக்ஸோர்லி, வான்கூவரின் டொனால்டு பிரஷியரைத் தலையில் மட்டையால் அடித்தார். லீக் அவரை ஓராண்டு விலக்கியது. வான்கூவர் நீதிமன்றம் ஆயுதத்தால் தாக்கிய குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அவர் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றிலும் ஆடவில்லை. லீக் தூய்மையடைந்துவிட்டது என்று அனைவரும் நிம்மதியாக உறங்கினர். நான்கு ஆண்டுகளில் மூரின் கழுத்து முறிந்தது. ஏழு ஆண்டுகளில் ஹோல்வெக்கின் முகத்தில் மட்டை விழுந்தது. ஓர் ஆளை அப்புறப்படுத்தினார்கள், ஆனால் அந்த வேலையை அப்படியே வைத்திருந்தார்கள். காலியான நாற்காலியில் அடுத்தவர் வந்து அமர்ந்தார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. தடை என்பது அம்பை முறிப்பது. தடை பெற்ற ஆட்டக்காரர் இழக்கும் சம்பளம் ஆட்டக்காரர்களின் உதவி நிதிக்குச் செல்கிறது. அவர் பெயர் நாளேடுகளில் நாறுகிறது. அவரை அந்த வேலைக்கு அமர்த்திய கழகம் வழக்கமாக எதையும் இழப்பதில்லை. மூர் தாக்கப்பட்டபோது வான்கூவர் கழகத்துக்கு லீக் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது உண்மை. அதாவது எய்தவன் யாரென்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், அதை ஒரு விதியாக்காமல் விதிவிலக்காகவே வைத்திருந்தனர்.

*

ஒப்பந்தம் செய்தபின் என்ன நடந்தது? 2007 டிசம்பர் 15 அன்று, பிட்ஸ்பர்க் அணியின் யார்க்கோ ரூட்டூவின் காலைச் சைமன் தம் ஸ்கேட்டின் கூர்விளிம்பால் மிதித்தார். முந்தைய தடை முடிந்து முழுதாக மூன்று மாதம் கூட ஆகவில்லை. இம்முறை 30 ஆட்டங்கள். அது அவர் பெற்ற எட்டாவது தடை. லீக்கும் சங்கமும் அமர்த்திய மருத்துவர்களிடம் ஆலோசனைக்குச் சென்றார். தடை முடிந்ததும், 2008 பிப்ரவரியில், விசுவாசம் பேசிய அதே கழகம் அவரை மினசோட்டாவுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்குப் பெற்றது புதுமுகத் தேர்வில் ஆறாம் சுற்று வாய்ப்பு ஒன்று. சந்தையில் அதைவிட மலிவான பொருள் அதிகமில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன் பேசப்பட்ட விசுவாசத்தின் விலை என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

அங்கிருந்து அவர் ரஷ்ய அணிகளுக்குச் சென்று ஆடினார். ஓய்வுக்குப் பின் உடலும் மனமும் நொறுங்கிய நிலையில் வாழ்ந்தார். 2024 மார்ச் மாதத்தில், 52ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோயே அவரைக் கொண்டுசென்றது எனத் தாங்கள் நம்புவதாகக் குடும்பத்தினர் அறிவித்தனர். தலையில் தொடர்ந்து விழும் அடிகளோடு தொடர்புபடுத்தப்படும் அந்நோயை, இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதி செய்ய இயலும். இவர் முதல்வரும் அல்லர். அடியாளாக ஆடிய பாப் புரோபர்ட் 2010இலும் டெரக் பூகார்டு 2011இலும் இறந்தனர். இருவர் மூளையிலும் அந்நோய் கண்டறியப்பட்டது. பூகார்டுக்கு அப்போது வயது 28. லீக்கின் ஆணையர் கேரி பெட்மனோ, ஆட்டத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே பல்லாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறார்.

2007இல் இவ்வளவும் எவருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். மூளையின் நுண்ணிய மாற்றங்கள் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதர், "எனக்குத் தலையில் அடிபட்டது, நான் நானாக இல்லை" என்று ஊரறியச் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை, காது போதும்.

இன்று முழுநேர அடியாட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டனர். கியூபெக் இளையோர் லீக் 2023இல் சண்டையிடுவோரை ஆட்டத்தைவிட்டு வெளியேற்றும் விதியைக் கொண்டுவந்தது. ஆயினும் என்.எச்.எல்லில் ஐந்து நிமிடச் சலுகை அப்படியே நிற்கிறது. ஆகவே தடைபெற்ற மூத்த ஆட்டக்காரரை மீண்டும் எடுக்கலாமா என்ற கேள்வி இன்னும் பலமுறை எழும். எழும்போது கழக நிர்வாகியிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "ஒருபோதும் கையுறையைக் கழற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா, அப்படி எழுதிய பின்னும் இதே சம்பளம் கொடுப்பீர்களா?" ஆம் என்றால் எடுத்துக்கொள்ளட்டும், நானே கைதட்டுவேன். தயங்கினால், அவர் மனிதருக்கு மறுவாழ்வு அளிக்கவில்லை, கைமுட்டிக்கு வாடகை பேசுகிறார் என்று அறிக.