தண்ணீர் எதுவரை வந்தது?



புயல் எச்சரிக்கை வந்தால் நாகப்பட்டினத்தில் கடலைப் பார்ப்பார்கள். கலசப்பாக்கத்தில் நாம் ஏரியைப் பார்ப்போம். கோடி போகுமா, கரை தாங்குமா, செய்யாற்றில் இந்தத் தடவை எவ்வளவு வரும் என்றுதான் நம் வீடுகளில் புயல் பேச்சு தொடங்குகிறது. கடல் நமக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து இங்கே வருவதற்குள் காற்று பெரும்பாலும் வலுவிழந்துவிடும். மழை அப்படித் தளர்வதில்லை. ஈரத்தைச் சுமந்து வரும் காற்று சவ்வாது மலையில் மோதி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்ததும் கொட்டித் தீர்த்துவிடும். மலையின் வடபுறத்துத் தண்ணீர் பாலாற்றுக்குப் போகிறது, தென்மேற்குப் பக்கத்தில் விழுவது தென்பெண்ணைக்குப் போகிறது. நம் பக்கம் விழுவதைச் செய்யாறும் மிருகண்டா நதியும் வாங்கிக்கொள்கின்றன.

இந்தப் புரட்டாசி இதழில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் வயல் வேலை நிற்கும், எல்லோரும் வீட்டில் இருப்போம். அப்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பழைய புயலைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

எந்தப் புயல் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் வந்தது. அதற்கு முந்தைய புயல்களை நம் மக்கள் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். “பெரியவன் வயித்துல இருந்தப்போ”, “கூரையைப் பிரிச்சு ஓடு போட்டதுக்கு முந்தின வருசம்”, “மல்லாட்டை முழுசும் செடியிலேயே முளைச்சுப் போச்சே, அந்தக் கார்த்திகை” என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை வைத்து வருசத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

வருசத்தைத் தேடும்போது உதவும் என்பதற்காக 1977ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த நவம்பர் 12ஆம் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. தமிழ்நாட்டில் 560 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள், 23,000 கால்நடைகள் மடிந்தன. எம்.ஜி.ஆர். முதல்வராகி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடற்கரையைத் தாண்டிய பிறகும் அந்தப் புயல் அடங்கவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி வரைக்கும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக வானிலைத் துறையின் பதிவு இருக்கிறது. திருச்சியும் நம் ஊரைப் போலக் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அங்கே கோரையாறு பெருகி உறையூர், தில்லைநகர்ப் பக்கமெல்லாம் மொட்டை மாடியில் ஏறி நின்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு அது குறுக்கே கடந்து அரபிக் கடலுக்குப் போய், மறுபடி வலுப்பெற்று, 22ஆம் தேதி கர்நாடகத்து ஹொன்னாவர் பக்கம் கரையேறியது. இதற்கு நடுவே 19ஆம் தேதி இன்னொரு புயல் ஆந்திரத்து திவிசீமையை அடித்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. அந்தப் பேரழிவின் செய்தியில் நம் பக்கத்துச் சேதம் பின்னுக்குப் போய்விட்டது. கடலோரம் இல்லாத ஊர்களின் கதையைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

தனுஷ்கோடிக்கு அந்தக் குறை இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்னே அலையில் போனது. டிக்கெட் கணக்குப்படி அதில் 110 பயணிகள், ரயில்வே ஊழியர்கள் ஐந்து பேர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்தார்கள் என்று ராமேசுவரத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பாம்பன் பாலத்தின் 126 தூலங்களைக் கடல் இழுத்துப் போனது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அந்தப் பாலத்தை மீட்டார். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் மணலில் நிற்பதால் போகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அங்கே பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நம் ஊர்களில் மண் சுவர் கரைந்தது, அதே இடத்தில் மறுபடி சுவர் எழுந்தது. பார்த்துக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. பார்த்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்போது எழுபது, எண்பது வயதாகிறது.

நம் மலைக்கு அந்தப் பக்கம் வாணியம்பாடிக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 1903 நவம்பர் 12 அன்று பாலாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்து ஏறக்குறைய இருநூறு பேர் இறந்தார்கள். அதற்கு அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ வருசம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தூண் ஒரு விசித்திரமாகவே இருந்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது 1903க்குப் பிறகு இப்படி வந்ததே இல்லை என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊருக்கு ஓர் ஆண்டாவது கையில் இருந்தது.

நமக்கு அண்மையில் நேர்ந்தது யாருக்கும் மறந்திருக்காது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் அங்கேயே நின்றது. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் முழுகின. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். இதை எழுதும்போது இப்போதும் கை தயங்குகிறது. மலை இறங்கும் வழி எது, ஓடை முன்னே எங்கே ஓடியது, எந்த மேட்டில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் ஊரில் வயதானவர்களுக்கு ஓரளவு தெரியும். மனை வாங்குகிறவர் பத்திரம் பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார், எதிர்வீட்டுத் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்டால் உயிர் பிழைக்கும் என்பதற்கு ஓர் ஊர் சாட்சி. இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமியுலு என்ற தீவு. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து பெரும் சேதம் செய்தது. அதற்குப் பிறகு பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் ஒன்றையே சொல்லிக்கொடுத்தார்கள்: நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று ஆடியது, ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏழு பேரைத்தான் இழந்தார்கள். அங்கே எச்சரிக்கைக் கருவி எதுவும் இருக்கவில்லை.

அதனால் கேட்கும்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். “பனை உயரத்துக்குத் தண்ணீர்” என்று பெரியவர் சொன்னால் மறுக்க வேண்டாம், எந்தப் படி முழுகியது, எந்தத் திண்ணையில் நின்றீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். உயரம் நினைவில் வளரும், திண்ணை வளராது. காற்று முதலில் எந்தத் திசையிலிருந்து அடித்தது, நடுவில் நின்றதா, நின்று திரும்ப எதிர்த் திசையிலிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். புயலின் கண் தலைக்கு மேலே கடந்தால் அப்படித்தான் வாடைப் பக்கம் அடித்து, ஓய்ந்து, தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். ஓய்ந்தது என்று நம்பி மாட்டை அவிழ்க்க வெளியே போனவர்கள் மாட்டிக்கொண்ட கதைகள் கடலோரத்தில் நிறைய உண்டு.

பாட்டிகளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்கள் ஆற்றைச் சொல்வார்கள், பாட்டிகள் வீட்டைச் சொல்வார்கள். எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை, குதிரில் இருந்த நெல் என்ன ஆனது, கைக்குழந்தைக்குப் பால் யார் கொடுத்தது, எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரருக்குக் கதவைத் திறந்தார், யார் திறக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சில வீடுகளில் சங்கடமாக இருக்கும். அதையும் பெயர் போடாமல் எழுதுங்கள், நாங்கள் அச்சிடுவோம்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். புயல் மழையில் மலை மேலே என்ன நடக்கிறது என்பது கீழே இருக்கும் எங்களுக்குத் தண்ணீராக வந்த பிறகுதான் தெரிகிறது. பாதை எங்கெங்கே அறுந்தது, எத்தனை நாள் கீழே இறங்க முடியவில்லை, சாமைக் கதிர் என்ன ஆனது, எந்தச் சரிவில் முன்பு மண் வழிந்தது என்பதை உங்கள் பெரியவர்கள் சொல்லும் மொழியிலேயே எழுதுங்கள். திருத்த மாட்டோம்.

எழுத முடியாதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம், கேட்டு எழுதிக்கொள்ள அலுவலகத்தில் ஆள் இருக்கிறார். ஊர்ப் பெயர், பெரியவரின் வயது, தண்ணீர் நின்ற இடம் இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். கார்த்திகை தீபத்துக்குள் வந்து சேர்வதை மார்கழி இதழில் ஊர் வாரியாகப் போடுகிறோம். அந்தந்த ஊர்ப் பக்கங்களின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கும், இன்னொன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்