ஈரப்பசைக் களிம்பு ஆடம்பரச் செலவு அன்று

குடும்ப வரவுசெலவுக் கணக்கில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றுக்கு நாம் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவிடுகிறோம். மருத்துவச் செலவு என்றதும் நம் மனத்தில் எழுவது மருத்துவமனைப் படுக்கையும் அறுவை சிகிச்சையுமே. ஆனால் ஒரு நாள்கூட மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவையின்றி, மாதந்தோறும் ஆண்டுக்கணக்கில் செலவு வைக்கும் நோய்களும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு வரும் எக்ஸிமா அவற்றுள் ஒன்று. இதற்கான செலவை நம் குடும்பங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வரி விதிப்போரும் தவறான தலைப்பில் எழுதி வைத்திருக்கின்றனர் என்பதே நமது கருத்து.

நம் பெரியவர்கள் கரப்பான் என்று பொதுவாகச் சொல்லும் தோல் கோளாறுகளுள் இதுவும் அடங்கும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், பலருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் சிவந்து காணும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் தங்கிவிடும். தோலின் மேலடுக்கை உறுதியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்திற்கான மரபணுவில் குறையிருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகுதி என்பது 2006 ஆம் ஆண்டு தெரியவந்தது. பூச்சு உதிர்ந்த சுவரைப் போல அத்தோலிலிருந்து ஈரம் வெளியேறுகிறது. எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. தாயின் கவனக்குறைவால் வருவதன்று, அசுத்தத்தால் வருவதுமன்று. தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆகவே இக்குழந்தையை விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதற்கு எவ்வித நியாயமும் கிடையாது. வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில், குறிப்பாக இரவில் விரலிடுக்குகளில் அரிப்பு எடுத்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். அது தொற்றக்கூடியது; அதற்கான மருத்துவமும் வேறு.

பணி மாறுதலால் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இந்நோயின் மற்றொரு முகமும் தெரியும். சென்னையின் வியர்வையில் அரித்த அதே தோல், டில்லியிலோ லக்னோவிலோ டிசம்பர் மாத வறண்ட குளிரில் வெடிக்கும். கம்பளி உடை நேராகத் தோலில் உரசுவதும், கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பாட்டுவதும் நிலைமையை மேலும் கெடுக்கும். வடமாநிலங்களில் குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் எக்ஸிமா உள்ள தோலுக்கு அது எரிச்சலூட்டக்கூடியது. ஊர் மாறும்போது பராமரிப்பு முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாம் மருத்துவர்கள் அல்லர். எனினும் தோல் மருத்துவர்கள் ஒருமித்துக் கூறும் அடிப்படை முறை எளியது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை குளியல். நறுமணமற்ற மென்மையான சோப்பு, அதுவும் தேவையான இடத்தில் மட்டும். பிறகு துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் எனப்படும் ஈரப்பசைக் களிம்பைத் தாராளமாகப் பூசுதல். நகங்களை ஒட்ட வெட்டுவதும், பருத்தி உடை அணிவிப்பதும், புத்தாடையை ஒருமுறை துவைத்தபின் உடுத்துவதும் உடன் செய்ய வேண்டியவை. தோல் நன்றாக இருக்கும் நாள்களிலும் களிம்பை நிறுத்தலாகாது. இதில் பலன் தருவது தொடர்ச்சியே.

இனிக் கணக்குக்கு வருவோம். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை இக்களிம்பு எழுதித்தர வேண்டும் என்று 2007 ஆம் ஆண்டு முதலே கூறிவருகிறது. 250 கிராம் என்றே கொண்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 கிராம் ஆகிறது. கடையில் வாங்கும் 50 கிராம் குழாய் ஒன்றரை நாளுக்கும் போதாது. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. 100 கிராம் குழாய் இரண்டு மாதம் வருகிறது என்றால், நாளொன்றுக்கு இரண்டு கிராம்கூடப் பூசவில்லை என்று பொருள். நோய் சிறிதளவே இருக்கும் குழந்தைக்கும், காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களிலும் குறைந்த அளவே போதுமானதாக இருக்கலாம். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆயினும், ‘எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று, பயனில்லை’ என்று சலித்துக்கொள்ளுமுன், ஒரு குழாய் எத்தனை நாள் வந்தது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இவ்வளவு களிம்பு வாங்கக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானதே. அதற்கும் நல்ல விடை உண்டு. திரவம், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என நான்கு வகை ஈரப்பசைப் பொருள்களை 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2022 இல் வெளிவந்தது. பலனில் எவ்வகையும் மற்றொன்றைவிட மேலானதாகத் தெரியவில்லை. குழந்தை மறுக்காமல் பூசிக்கொள்வதே சிறந்த களிம்பு. ஆகவே இறக்குமதிப் பெயரையும் அட்டைப்பெட்டியின் அழகையும் பாராமல், 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிட்டு, பெரிய அளவாக வாங்குவதே சிக்கனம். நறுமணமற்ற சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியும் மதிப்புக் குறைந்ததன்று.

வீண்செலவைக் குறைக்கவும் வழியுண்டு. உப்புநீர் வரும் அடுக்ககங்களில் பல பெற்றோர் பெருந்தொகை கொடுத்து நீர் மென்மையாக்கும் இயந்திரம் பொருத்துகின்றனர். 336 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2011 இல் வெளியான ஆய்வில், அதனால் எக்ஸிமா கூடுதலாகக் குறையவில்லை. எக்ஸிமாவுக்கென்றே விற்கும் சிறப்புப் பட்டாடைகளால் பயனில்லை என்று 2017 ஆம் ஆண்டு ஆய்வும், குளியல் நீரில் ஊற்றும் எண்ணெய்களால் பயனில்லை என்று 2018 ஆம் ஆண்டு ஆய்வும் தெரிவித்தன. இவை பிரிட்டனில் நடந்தவையே. எனினும் பெருஞ்செலவுக்குமுன் நம்மை ஒருகணம் நின்று யோசிக்கச் செய்ய இவை போதும்.

நம்மை மிகவும் கவலையுறச் செய்வது வேறொன்று. நாள்தோறும் பூச வேண்டிய களிம்பின் விலையைக் கண்டு தயங்கும் குடும்பம், மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கூட்டுமருந்துக் குழாயை நாடுகிறது. வீரியமிக்க ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த அது இரண்டே நாளில் சிவப்பை அடக்கும். நிறுத்தியதும் நோய் திரும்பும். மறுபடி அதே குழாய். மெல்லிய குழந்தைத் தோலில் மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் தோல் மேலும் மெலியும். மருந்து உடலுக்குள் ஊடுருவி வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். 2018 ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதி செய்தது. விதி ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. கடைக்காரர் சீட்டுக் கேட்க வேண்டும், நாமும் சீட்டின்றிக் கேட்கலாகாது.

இதற்காக ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஓடுவதும் சரியன்று. குழந்தையின் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வீரியத்தில், மருத்துவர் சொன்ன நாள்கள் மட்டும் பூசினால் அது நல்ல மருந்தே. அச்சத்தால் பூசாமல் விட்டு, இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழக்கும் குழந்தைக்கு நாம் நன்மை செய்தவர்கள் ஆகமாட்டோம். தோல்நோயை அடக்கினால் அது உள்ளே சென்று ஆஸ்துமாவாகும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இரண்டும் ஒரே ஒவ்வாமைத் தன்மையுள்ள குழந்தைகளுக்கு வருவதால் எழுந்த எண்ணம் இது. மருத்துவம் செய்வதால் ஆஸ்துமா வருவதில்லை. அவ்வாறே, மருத்துவரைக் கேளாமல் பாலையும் முட்டையையும் நிறுத்துவது வளரும் பிள்ளையின் ஊட்டத்தைக் குறைக்கும். புண்ணில் மஞ்சள் நிறப் பொருக்கோ சீழோ தோன்றினால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சலுடன் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழுந்தால் அது அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குடும்பங்கள் மட்டும் திருந்தினால் போதாது. வழக்கமான உடல்நலக் காப்பீட்டில் பணம் கிடைக்க, பெரும்பாலும் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டும். எக்ஸிமா குழந்தைக்கு அத்தகைய நிலை அரிது. ஆண்டு முழுவதும் செலவு செய்த குடும்பத்துக்குக் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அழகுசாதனம் என்ற வகையில் விற்கப்படும் களிம்புக்கு மருந்தைவிடக் கூடுதல் வரியும் செலுத்துகிறோம். மருத்துவர் சீட்டில் எழுதித்தந்த ஈரப்பசைக் களிம்பை மருந்தாகவே கருதி வரி விதிக்க வேண்டும். புறநோயாளிச் செலவை ஏற்கும் காப்பீட்டுத் திட்டங்கள் அதனை விலக்கலாகாது. மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பணி நிறுவனங்களும் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகள் என்றே நாம் கருதுகிறோம்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது புறநோயாளிப் பிரிவு உண்டா, கூடுதல் பிரீமியம் எவ்வளவு, ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டால் ஆதாயமா என்று கேட்டறியலாம். மூன்று மாதச் செலவை எழுதிவைத்து, அதன் சராசரியை மாத வரவுசெலவில் பால் செலவுக்கு அடுத்த வரியில் சேர்க்கலாம். குளிர்காலத்தில் செலவு கூடும் ஊர்களில் வசிப்போர், கோடை மாதங்களில் சிறு தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி நவம்பரில் முதிர்வடையுமாறு வைத்துக்கொள்ளலாம். பல குழந்தைகளுக்கு வளர வளர இந்நோய் தணிந்துவிடும். அதனால் இது முடிவில்லாத செலவும் அன்று. ஒதுக்கிய பணம் இருக்கும் வீட்டில் களிம்பு தீர்ந்துபோகாது. மலிவுக் குழாய்க்கும் அங்கே வேலையிராது.