நீமோவுக்கு என்ன விலை?

2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்த பிறகு கோமாளி மீனைத் தெரியாதவர்கள் குறைவு. விரல் நீள உடம்பு, ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. "சூப்பரா இருக்கே, ரெண்டு வாங்கி தொட்டியில விடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கடலில் இருந்த பிள்ளையைப் பிடித்துப் பல் டாக்டரின் தொட்டியில் போட்டதுதானே அந்தப் படத்தின் சோகமே!

சரி, கணக்குக்கு வருவோம். கடல் சாமந்தி ஒன்றில் ஒரு சின்னக் கூட்டம் வாழும். எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி. மற்றவை வரிசையில் காத்திருக்கும் சின்னவை. பெண் செத்தால் ஜோடி ஆணே பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்தது அதற்கு ஜோடியாகும். பளிச்சென்ற அந்தப் பெரிய ஜோடியை அள்ளினால்? வட்டியை எடுப்பது வியாபாரம். முதலையே சுருட்டுவதற்குப் பெயர் வேறு.

அக்கம்பக்கத்துப் பவளப்பாறை மீன்களின் கதை இன்னும் மோசம். பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய வழக்கம் இது: சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கும் மீனைப் பிடிப்பது. சட்டப்படி குற்றம். மேலே பட்டால் பவளமும் சாகும். அந்த நஷ்டம் எந்தக் கடை பில்லில் வருகிறது?

"வாங்காவிட்டால் மீனவர் பிழைப்பு?" என்பார்கள். பவளம் செத்தால் முதலில் பட்டினி கிடப்பதே அவர்தானே!

இத்தனைக்கும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமே செய்து காட்டியிருக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?"

பதில் வரவில்லையா? பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.