சம்மதம் யாருடைய சம்மதம்?

வயது வந்தவர்கள் மனமொப்பிச் செய்துகொள்ளும் இருதார மணத்தைச் சர்க்கார் ஏன் தடுக்க வேண்டும் என்று சில படித்த கனவான்கள் கேட்கிறார்கள். மூத்தவளும் சம்மதித்துவிட்டாளாம்!

இந்தச் 'சம்மதம்' உழைப்பாளி மக்களுக்குப் புதிதல்ல. ஆலை வாசலில் பசியோடு நின்றவன் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வைத்த கைநாட்டும் சம்மதம்தான். அரைக் கூலிக்கு நாற்று நட இறங்கியதும் சம்மதம்தான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளி சம்மதித்தானா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

வீட்டுக்குள் நடப்பது என்ன? நிலம் புருஷன் பேரில். குடியிருக்கும் வீடு மாமனார் பேரில். ஆண் பிள்ளை இல்லையென்று இன்னொருத்தியைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னால், போக்கிடமற்ற மூத்தவள் "சரி" என்றுதான் சொல்வாள். வேறென்ன சொல்ல முடியும்?

மூவரும் உண்மையிலேயே மனமொத்து வாழ்ந்தால் பொதுவாகப் போலீஸ் வந்து கதவைத் தட்டுவதில்லை. பாதிக்கப்பட்ட மனைவியின் தரப்பு புகார் கொடுத்தால்தான் வழக்கு. தடையை எடுத்துவிட்டால், புகார் கொடுக்க வேண்டியவளின் கையிலுள்ள ஒரே ஆயுதமும் போய்விடும்.

அந்த ஆயுதமும் மொக்கையாகத்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1949-லும், நாடு முழுவதற்கும் 1955-லும் இந்துக்களின் இருதார மணம் தடுக்கப்பட்டது. ஆனால் இரண்டாம் கல்யாணத்துக்குரிய சடங்குகள் முறைப்படி நடந்ததாக நிரூபித்தால்தான் குற்றம் என்று 1965-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சடங்கை அரைகுறையாக நடத்தினால் தப்பலாம், என்ன வசதி! இளையவளுக்கோ, சட்டப்படி அவள் மனைவியல்ல என்று 2005-ல் ஜீவனாம்சம் மறுக்கப்பட்டது. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியவன் அப்படிக் கைகழுவ முடியாது என்ற தீர்ப்பு 2013-ல்தான் வந்தது.

முஸ்லிம்களை மட்டும் சுட்டிக்காட்டி வகுப்பு வெறி கிளப்புவோருக்கு ஒரு கணக்கு: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தம் புருஷனுக்கு வேறு மனைவி உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் நூற்றுக்கு 1.9; தடைச் சட்டமுள்ள இந்துக்களில் 1.3.

தடை இருக்கட்டும். முஸ்லிம் பெண்களைக் கலந்து, அவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கட்டும். ஏமாந்த இளையவளின் ஜீவனாம்சத்தைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு கல்யாணமும் பதிவாக வேண்டும். நிலத்துக்கும் மனைக்கும் சர்க்கார் கொடுக்கும் பட்டாவில் மனைவியின் பெயரும் ஏற வேண்டும் என்று நாம் கோருகிறோம்.